சகலையின் நாள்

மீட்டர்காரர் என்ற பெயர் வேலையால் வந்தது. வேலை ஓய்ந்த பிறகும் பெயர் ஓயவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, மாடிப்படிக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் கரன்ட் மீட்டரைக் கண்டுபிடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவது அவர் உத்தியோகம். அதில் ஒரு விசேஷம் உண்டு. எல்லார் வீட்டுக்குள்ளும் போகலாம். ஒருத்தர் வீட்டிலும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். நாய்கள்கூட கொஞ்ச நாளில் குரைப்பதை விட்டுவிடும். அவர் அதைக் குறையாக நினைத்ததே இல்லை. பேச்சு வேண்டுமென்றால் வீட்டில் மனைவி இருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

இப்போது அவள் இல்லை. இரண்டாம் மாடியில் அந்த ஒற்றைப் படுக்கையறை வீடு, குக்கர், அவர். குக்கர் குடும்பத்துக்கு வாங்கியது. ஒரு ஆளுக்கு அரிசி போட்டால் அடி பிடிக்கிறது. அதனால் இரண்டு ஆளுக்கு வைத்து, இன்றைக்குப் பாதியும் நாளைக்குப் பாதியுமாகச் சாப்பிடுகிறார். மகள் தூர தேசத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "சாப்பிட்டேம்மா" என்பார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. இருந்தாலும் போனை வைக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தத்தை இவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

மிச்சம் இருந்த ஒரே பற்று, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கட்டிக் கிடந்த ஒரு சின்னப் படகு. அதிலும் பாதிதான் அவருடையது. மறுபாதி சகலையுடையது.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரை எல்லாரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். அண்ணன் தம்பி உறவு பிறப்பில் வருவது, அதில் நமக்குப் பொறுப்பில்லை. சகலை உறவு அப்படியல்ல. ஒரே மாமனாரிடம் தனித்தனியாக மாட்டிக்கொண்ட இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பிறப்பது அது. இவர்கள் இருவரும் அப்படித்தான் நெருங்கினார்கள். சேர்ந்து படகு வாங்கினார்கள், சேர்ந்து மீன் பிடித்தார்கள், பிடித்ததைவிடப் பெரிய மீனைப் பற்றிச் சேர்ந்தே புளுகினார்கள்.

அப்புறம்தான் மீட்டர்காரர் படகில் ஓட்டை போட்டார்.

தூண்டில் கம்பைச் செருகி வைக்க ஒரு குழாய் இருந்தால் தேவலை என்று, சகலையைக் கேட்காமல், பின்பலகையில் நாலு திருகாணி இறக்கினார். திருகாணி வழியாகத் தண்ணீர் இறங்கியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே பலகை ஊறி, மழைக்காலம் முடிந்தபோது எஞ்சின் மாட்டும் இடமே விரலை வைத்தால் உள்ளே போனது. டிரைவர் கத்தினார். இவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, "பலகையே மட்டம், அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். பலகையைத் தேர்ந்தெடுத்தது டிரைவர். புதுப் பலகை மாற்றினார்கள், ஆனால் அதோடு பேச்சு நின்றது.

சமாதானம் பேசிப் பார்த்துக் களைத்த மனைவி கடைசியில் மூன்று சட்டம் போட்டாள். ஒன்று, திங்கள் புதன் வெள்ளி இவருக்கு, செவ்வாய் வியாழன் சனி டிரைவருக்கு. ஞாயிறு படகுக்கு லீவு. அடுத்தவர் நாளில் கரைப் பக்கமே வரக் கூடாது. இரண்டு, இனி யாரும் படகில் ஓட்டை போடக் கூடாது, எதை மாட்டினாலும் சாயந்திரம் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று, ஒரு மாதம் முழுதாக யார் படகை எடுக்கவில்லையோ அவர் பங்கு அடுத்தவருக்குப் போய்விடும்.

"மூணாவது எதுக்கு?" என்று கேட்டார் இவர்.

"இல்லாட்டி ரெண்டு பேரும் வீம்புக்குப் போகாம இருந்து படகை மக்க விட்டுடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

அடுத்த வருடம் அவள் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. சாவுக்கு டிரைவர் வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். இவர் பார்த்தார், அவரும் பார்த்தார். யாராவது ஒருத்தர் ஒரு அடி எடுத்து வைத்திருக்கலாம். இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்து வருகிறவள் நடுவில் படுத்திருந்தாள். ஆக அதுவும் நடக்கவில்லை. சட்டம் மட்டும் நின்றது. போட்டவள் போன பிறகு அதை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து மீட்டர்காரருக்குச் சகலை என்பவர் படகில் கிடக்கும் செதில்தான். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமையின் செதில் இருக்கும், புதன்கிழமை போனால் செவ்வாய்க்கிழமையின் செதில். படகில் தேங்கிய தண்ணீர் இறைக்கப்பட்டிருக்கும், உட்காரும் பலகை துடைக்கப்பட்டிருக்கும், கீழே நிறையச் செதில் ஒட்டியிருக்கும். இவருக்கோ வாரத்துக்கு ஒன்றிரண்டு குஞ்சு மீன் கிடைத்தால் அதிகம். 'அந்த ஆளுக்கு மட்டும் எங்கேயிருந்து மாட்டுது?' என்று வயிறு எரியும். செதிலைக் காலால் தேய்த்துத் தண்ணீரில் தள்ளுவார். இதில் வெட்கப்படக்கூடிய உண்மை ஒன்று உண்டு. அந்த எரிச்சல்தான் அவரைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்பியது. இல்லாவிட்டால் எழுந்து அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள், "பிறந்த நாளுக்கு என்னப்பா வேணும்?" என்றாள். வழக்கமாக "ஒண்ணும் வேண்டாம்" என்பவர், "மீன் எங்க இருக்குன்னு காட்டுற மிஷின் ஒண்ணு இருக்காமே" என்றார். மகளுக்கு ஆச்சரியம். அப்பா இதுவரை அவளிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டதே இல்லை.

பெட்டி வந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய திரை, ஒரு பேட்டரி, நீளமான வயர், வயரின் நுனியில் சோப்புக்கட்டி அளவில் கறுப்பாக ஒரு பொருள். அதற்குப் பெயர் டிரான்ஸ்டியூசர். வாயில் நுழையாததால் 'காது' என்று பெயர் வைத்துக்கொண்டார். அது தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி, அந்தச் சத்தம் எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்குமாம். திரும்பி வந்தால் மீன், அல்லது தரை. கூட வந்த புத்தகத்தில் பாஷை புரியவில்லை, படம் புரிந்தது. படத்தில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே பின்பலகையில் துளைபோடும் மிஷினால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். மீட்டர்காரர் புத்தகத்தை மூடினார்.

ஓட்டை இல்லாமல், சாயந்திரம் கழற்றும்படி மாட்ட வேண்டும். முதலில், கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் ஒன்றை வாங்கி அதில் காதைப் பொருத்திப் படகின் வெளிப்பக்கம் அழுத்தினார். கரையில் இருக்கும்வரை அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. படகு வேகம் எடுத்ததும் கழன்று, வயரில் தொங்கி, எஞ்சின் விசிறியில் சிக்கப் பார்த்தது. நல்ல வேளை, வயரை இழுத்துவிட்டார்.

இரண்டாவது முறை கொஞ்சம் யோசித்தார். தச்சுப் பட்டறையில் பலகையை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடி ஒன்று வாங்கினார். ஒரு மரக்கட்டையில் அலுமினியக் குழாயைச் செங்குத்தாகப் பட்டையால் பிணைத்து, குழாயின் அடியில் காதைத் திருகினார். மரக்கட்டையைப் படகின் விளிம்பில் வைத்து இரும்புப் பிடியால் முறுக்கினால் நின்றது. முறுக்கிய இடத்தில் விளிம்பு நசுங்கினால் அதற்கும் அந்த ஆள் ஒரு வருடம் பேசுவார், இல்லை, ஏற்கெனவே பேசாதவர் இன்னும் கொஞ்சம் பேசாமல் இருப்பார். அதனால் இரண்டு பக்கமும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மெத்தை வைத்தார். வீட்டுச் சமையல் மேடையின் விளிம்பில் மாட்டி மாட்டிக் கழற்றிப் பழகினார். மேடைக்கு ஒரு கீறலும் விழவில்லை. 'நல்லா இருக்கா?' என்று கேட்கத் திரும்பியவர், கேட்காமலே கழற்றி வைத்தார்.

மூன்றாவது தவறுதான் பெரிய தவறு. காதை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். திரை முழுக்கப் புள்ளி. ஏரியில் தண்ணீரைவிட மீன் அதிகம் என்று சொல்லிவிடலாம். ஆனந்தத்தில் தூண்டிலைப் போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்தார். ஒன்றும் கடிக்கவில்லை. மத்தியானம் எஞ்சினை நிறுத்தியதும் மீன்கள் அத்தனையும் ஒரே நொடியில் மறைந்தன. விசிறி கிளப்பிய காற்றுக் குமிழிகளை மீன் என்று நம்பி ஒரு பகல் போயிற்று. தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். சொல்லிச் சிரிக்க ஆள் இருந்தால் இது ஒரு மாதத்துக்கு ஓடும் கதை.

கடைசியில் எஞ்சினை விட்டு நன்றாகத் தள்ளி, வலது விளிம்பில் மாட்டினார். காது படகின் அடிமட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே, சாயாமல் நிற்கும்படி குழாயை இறக்கினார். பிடி நழுவினாலும் ஏரியோடு போகாமல் இருக்க, குழாயில் ஒரு கயிறு கட்டி படகை நிறுத்தும்போதெல்லாம் அதன் மறுமுனையை எஞ்சின் கைப்பிடியில் முடிந்தார். திரையில் தரை தெளிவாக ஒரு கோடாக வந்தது. கோட்டுக்கு மேலே வளைந்த நகக்கீற்று மாதிரி ஒன்று மிதந்தது.

ஒரு புதன்கிழமை அந்த நகக்கீற்று மாட்டியது. முழங்கை நீளம், வாளியில் அடங்காமல் வால் வெளியே நின்றது. மீட்டர்காரர் உடனே எஞ்சினைக் கிளப்பினார். படகைக் கரையில் கட்டினார், திரையையும் பேட்டரியையும் பையில் திணித்தார், மீனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கால் தன் வீட்டுக்குப் போகவில்லை. கொழுந்தியாள் வீட்டுத் தெருவுக்குப் போனது. கதவைத் தட்டி, ஒன்றும் சொல்லாமல் மீனைக் கொடுத்துவிட்டு வர வேண்டும், அந்த ஆளின் மூக்கை அறுக்க வேண்டும். தெருமுனையில் நின்றார். வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த மீனை அவர் மூன்று வேளை தின்றார், ருசித்ததாக நினைவில்லை.

வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது பகீரென்றது. காதைக் கழற்றவில்லை.

அன்று முழுவதும் வீட்டுக்குள் நடந்தார். அந்த ஆளின் நாளில் கரைக்குப் போக முடியாது, அது முதல் சட்டம். மாட்டியதை விட்டுவிட்டு வந்தது இரண்டாவது சட்டத்தை உடைத்த கணக்கு. அந்த ஆள் பிடுங்கி ஏரியில் எறிந்திருப்பார், எறிந்தாலும் கேட்க முடியாது. 'எறியட்டும். எறிஞ்சுட்டு வந்து நாலு வார்த்தை திட்டட்டும்' என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை உடனே துடைத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனார். காது இருந்தது. குழாய் இருந்தது. குழாயிலிருந்து எஞ்சின் கைப்பிடிக்குப் போன கயிறும் இருந்தது. அவர் போட்ட முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது.

அந்தக் கயிற்றை அவிழ்க்காமல் எஞ்சினைத் திருப்ப முடியாது. அப்படியென்றால் நேற்றுப் படகு போகவில்லை. ஆனால் தண்ணீர் இறைக்கப்பட்டிருந்தது, பலகை துடைக்கப்பட்டிருந்தது, கீழே புதுச் செதில் மின்னியது. மீட்டர்காரர் முதல்முறையாகக் குனிந்து ஒரு செதிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெரிய செதில், ஓரத்தில் சிவப்பு. கடல் மீன். ஏரியில் கடல் மீன் எப்படி வரும்? கடையிலிருந்துதான் வரும்.

இவ்வளவு நாளும் பொறாமை கண்ணை மறைத்திருக்கிறது. அந்த ஆள் படகை எடுப்பதே இல்லை. கட்டிக் கிடக்கும் படகில் உட்கார்ந்து கடை மீனைச் சீவிவிட்டுப் போகிறார். மூன்றாவது சட்டப்படி படகு முழுக்க மீட்டர்காரருடையது. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பயம் வந்தது. சகலையின் நாள் என்று ஒன்று இல்லாவிட்டால் தன் நாளுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. காதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மீன் பிடிக்காமலே வீட்டுக்கு வந்தார்.

சனிக்கிழமை அவர் சட்டத்தை மீறினார். கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய படகின் பின்னால் போய் நின்றார்.

கொழுந்தியாள் வந்தாள். கூட டிரைவர். அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். மலைப்பாதையில் இரவில் பஸ் ஓட்டியவர், இப்போது ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தார். அவள் அவரைப் படகில் உட்கார வைத்து, மடியில் ஒரு பொட்டலத்தையும் கத்தியையும் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். திரும்பியவள் மீட்டர்காரரைப் பார்த்துவிட்டாள். நேராக அவரிடம் வந்தாள்.

"மூணாவது சட்டம் சொல்லத்தானே மாமா வந்தீங்க?" என்றாள் மெதுவாக. "சொல்லிடுங்க. என்னாலயும் முடியல. செதில் எடுக்காத மீன் கேட்டா கடைக்காரன் ஒரு மாதிரி பாக்குறான். சுத்தம் பண்ணித் தரேன்கா, சும்மாத்தான்னு கெஞ்சுறான்."

"கண்ணுக்கு என்ன?"

"உள்ளுக்குள்ள அழுத்தமாம். தெரியறதுக்குள்ள நரம்பு போயிடுச்சு. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவள் அவரைப் பார்த்தாள். "எந்த வழியா மாமா சொல்றது? அக்கா இல்லையே."

அவள் போய்விட்டாள். மீட்டர்காரர் இறங்கிப் படகருகே போனார். படகின் மூக்கு கரையோர முள்ளுப் புதருக்குள் ஏறியிருந்தது, பின்பாதி தண்ணீரில் கிடந்தது. அவர் இடது பக்கமாக வந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார். டிரைவர் கத்தியால் மீனைச் சீவிக்கொண்டிருந்தார். விரலால் தடவி, பிறகு சீவி, மறுபடி தடவி.

"யாரு?" என்றார்.

மீட்டர்காரர் பதில் சொல்லப் பார்த்தார். இத்தனை வருடம் பூட்டிய வாய், சட்டென்று திறக்கவில்லை.

டிரைவர் கத்தியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சகலதானே? பேசாம இவ்வளவு நேரம் பக்கத்துல நிக்கறதுக்கு இந்த ஊர்ல வேற ஆள் கிடையாது."

"ம்."

"இன்னிக்கு என் நாளு."

"தெரியும்."

"முந்தாநாள் ஒரு குழாயை விட்டுட்டுப் போயிருந்தீங்க. தடவிப் பாத்தேன். எங்கயாவது ஓட்டை போட்டிருக்கீங்களான்னு விளிம்பு முழுக்க விரல விட்டுப் பாத்தேன். இல்ல. ரப்பர் வேற வெச்சிருக்கீங்க." குழாய் இருந்த பக்கம் கையைக் காட்டினார். "அது என்ன?"

"மீன் காட்டுற மிஷினு."

"காட்டுதா?"

"காட்டுது. மொதல்ல காத்தக் காட்டுச்சு. ஒரு நாள் பூரா காத்தப் புடிச்சிட்டிருந்தேன்."

டிரைவரின் தோள் குலுங்கியது. சிரிப்புதான். அது அடங்கியதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "மழைக்கு முன்னாலேயே ஓட்டறத விட்டுட்டேன் சகல. சட்டப்படி படகு உங்களுது. அக்கா சொன்னது சொன்னதுதான். எடுத்துக்கங்க."

"எனக்கு எதுக்கு? அப்புறம் எதுக்கு நீ இத்தனை மாசம் செதில் சீவின?"

"படகுக்குன்னா நெனச்சீங்க?" டிரைவரின் முகம் இவரைத் தாண்டி எங்கோ பார்த்தது. "செவ்வாக்கிழமை வந்து உட்கார்ந்தா, பலகை கொஞ்சம் பின்னால தள்ளியிருக்கும். உங்களுக்குக் கால் நீளம். நான் முன்னால இழுத்துக்குவேன். வியாழக்கிழமை வந்தா மறுபடி பின்னால போயிருக்கும். சரி, சகல இருக்காரு, எழுந்து வந்திருக்காரு, அப்படின்னு வீட்டுக்குப் போவேன். அக்கா போனப்புறம் நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எனக்கு வேற யாரு சொல்லுவா? நான் வரலன்னா நீங்களும் நின்னுடுவீங்க. உங்களத் தெரியாதா?"

மீட்டர்காரர், அழுதுவிடுவோமோ என்று பயந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சட்டம் போட்ட அன்று மனைவியும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள்.

"ஏறலாமா?" என்றார்.

"என் நாளுன்னேனே."

"அதான் கேக்கறேன்."

டிரைவர் மீன் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பலகையைத் தடவி, இடது பக்கம் விளிம்போடு ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார். "வாங்க. வலது பக்கம் உங்களுக்கு வேணும்ல, அந்தக் குழாயை மாட்ட."

மீட்டர்காரர் நின்றிருந்ததே இடது பக்கம். அங்கே இப்போது ஏற இடமில்லை. சொன்னால் அந்த ஆள் மறுபடி தடவித் தடவி நகர வேண்டும். மீட்டர்காரர் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, படகின் பின்னால் சுற்றிப் போய், வலது பக்கமாக ஏறினார்.